ஆட்சேபணைக்கு முப்பது நாள்

1966 ஜூன் 6, திங்கட்கிழமை

எனக்கு இன்று எழுபது வயது, மூன்று மாதம், பதினொரு நாள். திருமண அறிவிப்புப் படிவத்தின் வயதுக் கட்டத்தில் இவ்வளவு விவரம் வேண்டியதில்லை என்று பதிவாளர் அலுவலக எழுத்தர் சொன்னார். வேண்டாவிட்டாலும் சரியாக இருப்பதில் தவறில்லை என்றேன். அவர் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, வாசற்பக்கம் எட்டிப் பார்த்து, "பொண்ணும் மாப்பிள்ளையும் வரலீங்களா?" என்று கேட்டார். வந்து அரை மணி நேரம் ஆகிறது என்றேன். பக்கத்து நாற்காலியில் மணமகன் உறங்கிக்கொண்டிருந்தார்.

மணமகன்: சிவக்கொழுந்து முதலியார், வயது எழுபத்தைந்து, மிராசுதார், மனைவியை இழந்தவர். மணமகள்: அபயாம்பாள், பி.ஏ., பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, மணமாகாதவர். இந்தத் தாளை முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர் எவரும் எழுதிக் கொடுக்கலாம். மாயவரத்தில் ஆட்சேபணை இல்லாதவர் எவர் என்பதுதான் கேள்வி.

மேளமும் புரோகிதரும் வேண்டாம், சட்டப்படி பதிவு போதும் என்று சொன்னவள் நான். சம்மதம் சொன்னவளும் நான். முதலாவதற்குக் காரணம் சொல்ல முடிகிறது.

ஜூன் 7, செவ்வாய்

ரூபாயின் மதிப்பைக் குறைத்திருக்கிறார்கள் என்று நாளிதழில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எனக்குச் சமைத்துப் போடும் குஞ்சம்மாள் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நடுக்கூடத்தில் இரண்டாவது கட்டில் போட இடம் இருக்கிறதா என்றுதான் கேட்டாள். இல்லை என்றேன். அவள் ஏற்கனவே முழக்கயிற்றால் அளந்துவிட்டிருந்தாள்.

ஜூன் 9, வியாழன்

வியாழக்கிழமை முதலியாருடைய நாள். மனைவி இறந்ததிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளாக வியாழன் மாலை நான்கு மணிக்கு வருகிறார். கண் மங்கிவிட்டதால் நான் நாளிதழை வாசிக்கிறேன். அவர் ஒவ்வொரு செய்திக்கும் மறுப்புச் சொல்கிறார். சென்ற மாதம் ஒரு வியாழனன்று, விளையாட்டுச் செய்திகளுக்கும் இரங்கல் செய்திகளுக்கும் நடுவே, "இப்பவாவது கல்யாணம் பண்ணிக்கலாமா அபயம்?" என்று கேட்டார். பக்கத்தைத் திருப்பிவிட்டு, சரி என்றேன். என் குரல்தான் அது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை அவரைப் பார்த்தது 1919இல். பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று அரசாங்கத்துக்கு அனுப்பவிருந்த மனுவுக்குக் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். பட்டம் வாங்கி ஓராண்டு ஆகியிருந்தது. எதற்கும் பயமில்லாத வயது. ஊர்ப் பெரிய மனிதர்களில் மூன்று பேர் என்னைக் கூடத்துக்குள் விடவில்லை. இவர் உட்காரச் சொன்னார். மனுவை முழுவதும் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் நீளம் என்றார். சண்டை போட்டோம். கையெழுத்துப் போட்டார். மறுவாரம், வீடு வீடாகச் செல்வதற்குத் தம் குதிரை வண்டியை அனுப்பினார். அதற்கடுத்த வாரம் வண்டியோடு தாமே வந்தார்.

ஊரார் பேசினார்கள். வடக்கு வீதியில் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிய வீடு என்னுடையது. அம்மா சந்நிதியில் பாடியவள். என்னை மட்டும் சென்னைக்குப் படிக்க அனுப்பினாள். அந்த வீதியிலிருந்து ஒருத்தி மிராசுதார் வண்டியில் போனால் ஊர் என்ன நினைக்குமோ அதைத்தான் நினைத்தது. வண்டியில் நாங்கள் பேசியதெல்லாம் வாக்காளர் தகுதி விதிகளைப் பற்றி. பெரும்பாலும்.

ஜூன் 14, செவ்வாய்

பழைய மாணவி ஒருத்திக்கு எழுதிய கடிதத்தையே, எழுதியது மறந்து, மறுபடியும் எழுதித் தபாலில் சேர்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுபோல் இருந்திருந்தால் கவலைப்பட மாட்டேன். முதற் கடிதத்தில் திருமணம் செய்துகொள்வது உறுதி என்றும், இரண்டாவதில் இன்னும் யோசிக்கிறேன் என்றும் எழுதியதாக நினைவு.

ஜூன் 16, வியாழன்

வந்தவுடன், "மனு தயாராச்சா?" என்று கேட்டார்.

எந்த மனு என்று கேட்டேன். என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சிரித்து, "வயசாயிடுச்சு அபயம், வேற எதையோ நெனச்சுக்கிட்டு வந்தேன்" என்றார். அதன்பின் சீனி விலையைப் பற்றி மிகத் தெளிவாக ஒரு மணி நேரம் பேசினார்.

இவர் மணக்க விரும்புவது யாரை? என்னையா, அந்த மனுவோடு வந்தவளையா? அவளை எனக்கும் தெரியும். அவ்வளவு நல்லவள் அல்லள்.

ஜூன் 21, செவ்வாய்

ஆட்சேபணை வந்துவிட்டது. கொடுத்தவர் அவருடைய ஒரே மகன் செல்வமுத்து, அரிசி ஆலை வைத்திருப்பவர். காரணம்: தந்தைக்குச் சித்த சுவாதீனம் இல்லை, ஆகவே அவர் செய்யும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது.

1920ஆம் ஆண்டின் தேர்தல் விதிகளில் ஓட்டுரிமை இல்லாதோர் பட்டியல் ஒன்று இருந்தது. பெண்களும் சித்த சுவாதீனம் இல்லாதவர்களும் அதில் ஒன்றாகத்தான் நின்றோம். பிறகு எங்களை அந்தப் பட்டியலிலிருந்து வெளியே விட்டார்கள். இப்போது அவரை உள்ளே தள்ளப் பார்க்கிறார்கள்.

செல்வமுத்து மாலையில் தாமே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நான் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும், அப்படி இல்லை. சித்திரை மாதத்தில் அவருடைய தந்தை காவிரிக்கரையில் வழி தெரியாமல் நின்றதையும் வண்டிக்காரர் ஒருவர் அழைத்து வந்ததையும் சொன்னார். எனக்கு அது தெரியாது. என்னிடம் அவர் சொல்லவில்லை.

"அப்பாவ நீங்க பாத்துக்குவீங்களா டீச்சரம்மா? உங்களையே குஞ்சம்மாதான் பாத்துக்குது," என்றார்.

சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

ஊர் பேசுவதைப் பற்றியும் தயங்கித் தயங்கி ஏதோ தொடங்கினார். வடக்கு வீதியைப் பற்றி ஊர் பேசி முடித்து நாற்பது வருடமாகிறது, புதிதாக ஒன்றும் மிச்சமில்லை என்றேன். எழுந்தார். போகும்போது, "அந்த ஓட்டுக் கதைய மட்டும் பதிவாளர் விசாரணையில பேச வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க. எல்லாரும் சிரிப்பாங்க," என்றார்.

ஜூன் 23, வியாழன்

ஆட்சேபணையை அவருக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான். வேறு யார் வாசிப்பார்கள்? மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பைத்தியம்னு ஒரு தடவ எழுதிட்டாங்கன்னா அப்புறம் என் கையெழுத்துக்கு மதிப்பே இல்ல அபயம். சோறு வேணும்னு சொன்னாக்கூட அவன்கிட்டக் கேட்டுத்தான் போடுவாங்க."

காவிரிக்கரையைப் பற்றிக் கேட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்றார். பிறகு, இரண்டு நாள் என்றார்.

விசாரணை வரும் வியாழன். அவர் தம் வாயால் தெளிவாகப் பேசினால்தான் உண்டு. பயிற்சிக்காகக் கேள்விகள் கேட்டேன். கிழமை தவறு. மகனுடைய வயது தவறு. 1923ஆம் ஆண்டுத் தேர்தலைக் கேட்டபோது மட்டும் ஓர் எழுத்துப் பிசகவில்லை.

அந்தத் தேர்தலைப் பற்றி எழுதத்தான் வேண்டும். நாங்கள் ஓட்டளிக்கலாம் என்று 1921இல் சட்டசபை தீர்மானித்தது. ஆனால் வாக்காளராக வேண்டுமானால் தன் பெயரில் வீடோ நிலமோ இருக்க வேண்டும். ஊரெல்லாம் அலைந்து விசாரித்தேன். மதிப்பான குடும்பத்துப் பெண்களில் ஆறு பேரைத் தவிர யார் பெயரிலும் ஒரு செங்கல் இல்லை; நகை இருந்தது, அது கணக்கில் வராது. எங்கள் வீதியில்தான் வீடு தாயிடமிருந்து மகளுக்கு வரும். ஆகவே மாயவரத்தின் முதல் பெண் வாக்காளர் பதினேழு பேரில் பதினொருவர் ஊரார் முகம் திருப்பிக்கொள்ளும் வீதியைச் சேர்ந்தவர்கள். அரசாங்கத்துக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர் அந்தத் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் ரங்கசாமி நாயுடு என்ற வக்கீல். மூக்குப்பொடிக் கறை படிந்த அங்கவஸ்திரமும் எவரையும் உட்காரச் சொல்லாத குணமும் உடையவர். தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு நகர மண்டபத்தில் கூட்டம். ஓட்டுக் கொடுத்தாயிற்று, நாளைக்கு இந்தப் பெண்கள் சட்டசபையிலும் உறுப்பினராக வந்து உட்காருவார்களோ என்று ஒரு பெரிய மிராசுதார் இருவரையும் கேட்டார். முதலியார் சிரித்தார். "ஓட்டுப் போடட்டும். நாற்காலி கேக்கறதுக்கு இன்னும் நாலு தலைமுறை போவட்டுமே," என்றார். மண்டபம் முழுவதும் கைதட்டியது. மூங்கில் தட்டிக்குப் பின்னால் பெண்கள் பகுதியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை, அது சபைக்காகச் சொன்னது, உனக்காக இல்லை என்றார். எனக்குப் புரிந்தது. நான் அவரை மணப்பேன் என்று என் அம்மா உட்பட எல்லாருக்கும் தெரிந்திருந்த காலம் அது.

நாற்பத்தொரு ஓட்டில் தோற்றார்.

ஜூன் 24, வெள்ளி

தோற்ற மூன்றாம் நாள் காலை அவர் வந்து என்ன சொன்னார் என்பதை நேற்று எழுதாமல் விட்டேன். "தோத்ததுல எனக்கு வருத்தமில்ல. விழுந்த ஓட்டுல ஒண்ணு யாருதுன்னு தெரியும். அது போதும்," என்றார். அந்த மூச்சிலேயே மணந்துகொள்ளக் கேட்டார். பொது வேலை இருக்கிறது, மணம் செய்துகொள்வதற்கில்லை என்றேன். அதே காரணத்தை மூன்று வருடம் சொன்னேன். பிறகு அவர் வீட்டில் பார்த்த பெண்ணை மணந்தார். நல்ல பெண். என் பள்ளிக்கு மணி வாங்கிக் கொடுத்தவள் அவள்தான்.

பொது வேலையைக் காரணம் சொன்னது அவ்வளவு பொய் என்றும் சொல்ல முடியாது.

ஜூன் 28, செவ்வாய்

குஞ்சம்மாளுக்குக் காய்ச்சல். நான் சமைத்தேன். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, முதலியாருக்கு இதைப் போட்டால் எழுந்து ஓடிவிடுவார், புத்தி சரியாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி, வழக்கே வேண்டியிருக்காது என்றாள்.

ஜூன் 30, வியாழன்

விசாரணை. நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுத முயல்கிறேன். என் மனம் அந்த வரிசையில் நிற்க மறுக்கிறது.

பதிவாளர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். எங்கள் இருவரையும் பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்தது. ஒருபுறம் செல்வமுத்து. மறுபுறம் நாங்கள். முதலியார் வெள்ளைச் சட்டை போட்டு, முகம் மழித்து, விபூதி பூசி வந்திருந்தார். பொத்தான்களை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். மகன்தான் எழுந்து வந்து அதைச் சரிசெய்தார். பிறகு தம் இடத்தில் போய் உட்கார்ந்து தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்னார்.

இன்று என்ன கிழமை என்று பதிவாளர் கேட்டார். புதன் என்றார் இவர். மகன் வயது? நாற்பத்தைந்து என்றார், உண்மையில் முப்பத்தெட்டு. பதிவாளர் எழுதிக்கொண்டே போனார். அந்தப் பேனாவின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தத் தாள் நிரம்பும்போது இவர் ஒரு மனிதராக இருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

கடைசியாக, இந்த வயதில் இந்த அம்மாளை ஏன் மணக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1923ஐச் சொன்னார். காலையில் தூறல் போட்டது, பெண்களுக்கென்று பள்ளிக்கூடத்தின் கிழக்கு அறையை ஒதுக்கியது, வடக்கு வீதிப் பெண்களோடு ஒரே வரிசையில் நிற்க மாட்டோம் என்று மற்ற ஆறு பேரும் மரத்தடிக்குப் போனது, நான் எல்லாருக்கும் முன்னால் பச்சைச் சேலையில் நின்றது, எண்ணி முடித்தபோது வித்தியாசம் நாற்பத்தொன்று. அத்தனையும் சரி. பதிவாளர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு எனக்கு விழுந்த ஓட்டுல இவ ஓட்டும் ஒண்ணு. ஊரே பாத்துச் சிரிச்ச பொண்ணு மொத மொதல்ல போட்ட ஓட்டு. அதுக்கு நான் இன்னும் ஒண்ணும் திருப்பிச் செய்யல."

செல்வமுத்து எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "சார், இதத்தான் நான் சொல்றேன். இந்தக் கதைய நாற்பது வருஷமாச் சொல்றாரு. அம்மா இருந்தப்பவும் சொன்னாரு. டீச்சரம்மா வாயால ஒரு நாள்கூட ஆமான்னு சொன்னதில்ல. அவரா கற்பன பண்ணிக்கிட்டு அதுலயே வாழ்றாரு."

பதிவாளர் என்னைப் பார்த்தார். "அம்மா, அது உண்மையா?"

ஓட்டு இரகசியமானது, அதைக் கேட்க எந்த அலுவலருக்கும் அதிகாரம் இல்லை என்றேன். சட்டப்படி சரியான விடை. வேறு எந்த அறையிலும் அதோடு முடித்திருப்பேன். ஆனால் பதிவாளர் பேனாவைக் கையில் எடுத்தார். செல்வமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தாய்க்காக என்று நினைக்கிறேன். இவர் மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாதவர் போல, ஜன்னலுக்கு வெளியே ஆட்டுக்குட்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம். அவருக்குத்தான் போட்டேன்," என்றேன்.

பதிவாளர் அதை எழுதிக்கொண்டார். நினைவு சில இடங்களில் மங்கியிருப்பினும், தாம் செய்வது இன்னதென்றும் ஏன் என்றும் அறிந்தே செய்கிறார் என்று முடிவு சொன்னார். ஆட்சேபணை தள்ளுபடி. செல்வமுத்து என்னிடம் வந்து, தெரியாமல் பேசிவிட்டதாக மன்னிப்புக் கேட்டார். என் வாழ்க்கையில் இவ்வளவு சங்கடமான மன்னிப்பை நான் பெற்றதில்லை.

ஜூலை 1, வெள்ளி

ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் படிக்கவில்லை.

ஜூலை 4, திங்கள்

மகளிர் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை கேட்டுக் கடிதம். தலைப்பும் அவர்களே தந்திருக்கிறார்கள்: "நான் போட்ட முதல் ஓட்டு". உடல்நிலை சரியில்லை என்று பதில் எழுதினேன். உடல்நிலை நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 7, வியாழன்

முப்பது நாள் முடிந்துவிட்டது. பலகையிலிருந்து தாளைக் கிழித்துவிட்டார்களாம்.

நான்கு மணிக்கு வந்தார். நாளிதழைப் பிரிக்கவில்லை. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கினேன். அவர் அவ்வளவு மகிழ்ச்சியோடு காதைக் கொடுத்துக் குனிந்ததில், சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கட்டில் எங்கே போடுவது என்று கேட்டேன். நடுக்கூடத்தில் ஜன்னலோரம் என்றார். குஞ்சம்மாள் ஏற்கனவே அளந்திருந்த இடம். இருவரும் என் முதுகுக்குப் பின்னால் பேசி வைத்திருக்கிறார்கள்.

சொல்லாமல் மணந்தால் நான் அவரை ஏமாற்றுகிறேன். சொன்னால், அவரைச் சித்த சுவாதீனம் உள்ளவர் என்று நிரூபித்த ஒரே சாட்சியத்தை நானே உடைக்கிறேன். பி.ஏ.வில் தர்க்க சாஸ்திரம் படித்தவள் நான். இதற்கு அதில் வழியில்லை.

ஜூலை 11, திங்கள்

திருமணம் நடந்தது. பதினொன்றே காலுக்குக் கையெழுத்திட்டோம். சாட்சிகள் மூவர்: குஞ்சம்மாள், ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை, செல்வமுத்து. மூன்றாமவரை நான் அழைக்கவில்லை. தந்தையை அழைத்து வந்தவர் அப்படியே பேனாவை வாங்கிக்கொண்டார்.

அதற்கு முன்னால், தாழ்வாரத்து பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும் பத்து நிமிடம் இருந்தோம். அப்போது சொன்னேன். தெளிவாக, அவருடைய நல்ல காதின் பக்கம் உட்கார்ந்து, நான்கு வாக்கியங்களில் சொன்னேன். விசாரணையில் ஏன் வேறு மாதிரி சொன்னேன் என்பதும் அதில் அடக்கம். இனி உள்ளே போவதும் வீட்டுக்குப் போவதும் உங்கள் விருப்பம் என்றேன்.

அவர் கைத்தடியைத் தரையில் ஊன்றி அதன் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாயங்காலம் மழ வருமா?" என்று கேட்டார். வரலாம் என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே நடந்தார். கையெழுத்து அழகாக, நேராக விழுந்தது.

மதியம் இலை போட்டுச் சாப்பிட்டோம். பாயசத்தின்போது குஞ்சம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: தூறல், கிழக்கு அறை, பச்சைச் சேலை. "அன்னைக்கு இவ எனக்குத்தான் ஓட்டுப் போட்டா," என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை மறந்துவிட்ட ஒருவருடையதா, மறந்ததாக இருக்க முடிவு செய்துவிட்ட ஒருவருடையதா என்று இதை எழுதும் இந்த நேரம் வரை எனக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை சொல்லிப் பார்க்கலாமா என்றும் தெரியவில்லை. இப்போது ஜன்னலோரம் உறங்குகிறார். மழை வரவில்லை.

இந்த நாட்குறிப்பிலும் நான் இதுவரை எழுதவில்லை. நகர மண்டபத்தில் அதே கேள்விக்கு ரங்கசாமி நாயுடு பொடியை உறிஞ்சிவிட்டு, "வந்தா ஒக்காரட்டும். நாற்காலி எங்கப்பன் வீட்டுதா?" என்றார். ஒருவரும் கைதட்டவில்லை. பத்து நாள் கழித்து, கிழக்கு அறையில், வெளியே இவருடைய வண்டி எனக்காகக் காத்திருக்க, என் முதல் ஓட்டை நான் நாயுடுவுக்குப் போட்டேன்.